பலாலியிலிருந்து திருச்சிக்கு: 184 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம் ஏன்?

சுன்னாகம் வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எழுபத்து நான்கு வயதான என் அம்மாவைக் கண் சிகிச்சைக்காகத் திருச்சிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். அவருக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கால்களை மடக்கி ஓரிடத்தில் இருந்தால், எழுந்து நிற்பதற்கே இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையம் வழியாக அவரை அழைத்துச் சென்றபோது, இரவு முழுவதும் பேருந்தில் இருந்ததில் இரண்டு கால்களும் வீங்கி, விமானத்தில் ஏறும்போதே அவர் களைத்துப் போயிருந்தார். அந்த நிலையை மறுபடியும் அவருக்கு ஏற்படுத்தக் கூடாது என்பதால், யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து நேராகத் திருச்சிக்குச் செல்லும் விமானத்தைப் பற்றி முன்கூட்டியே தெளிவாக அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

இணையத்தில் தேடிய அளவில் குழப்பமே மிஞ்சியது. யாழ்ப்பாணம், திருச்சி ஆகிய இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான தூரத்தை ஒரு தளம் 99 என்றும், இன்னொரு தளம் 114 என்றும், மூன்றாவது தளம் 184 என்றும் காட்டுகின்றன. பறக்கும் நேரம் ஓரிடத்தில் 22 நிமிடங்கள் என்றும் வேறோரிடத்தில் முக்கால் மணி என்றும் இருக்கிறது. ஆனால் பயண அட்டவணையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் போட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் பலாலியிலிருந்து சென்னை, திருச்சியைவிட இரண்டு மடங்கு தொலைவில் இருப்பதுபோல் தெரிகிறது. இருந்தும் சென்னை விமானத்துக்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரைதான் குறிப்பிடுகிறார்கள். இதில் எந்தத் தூரம் சரியானது? அம்மா உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கையில் இருக்க வேண்டியிருக்கும்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பொன்மலை ஆசிரியர்

வணக்கம் அம்மா. நான் திருச்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்றவன். தூரத்தைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நேரத்தைப் பற்றி அத்துறையில் இருந்தவர்கள் சொல்வதே பொருத்தம்.

நீங்கள் பார்த்த மூன்று எண்களும் சரியானவையே. ஒரே தூரத்தை மூன்று அளவைகளில் தந்திருக்கிறார்கள். அளவையின் பெயரை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது அந்தத் தளங்களே அதைத் தெளிவாகக் குறிப்பிடாமல் இருந்திருக்கலாம். 184 என்பது கிலோமீட்டர். 114 என்பது தரை மைல். 99 என்பது கடல் மைல். கப்பலிலும் விமானத்திலும் இன்றும் அந்த அளவையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டருக்குச் சமம் என்பதால், 99-ஐ அதனால் பெருக்கினால் ஏறத்தாழ 184 வந்துவிடும்.

இந்தத் தூரத்தைத் தாளும் பென்சிலும் கொண்டே சரிபார்க்கலாம் என்பதால், வகுப்பில் செய்து காட்டுவதுபோல இங்கே எழுதுகிறேன். திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10 பாகை 45.9 கலையிலும் (ஒரு பாகைக்கு 60 கலை), கிழக்கு தீர்க்கரேகை 78 பாகை 42.6 கலையிலும் இருக்கிறது. பலாலி வடக்கு 9 பாகை 47.5 கலையிலும், கிழக்கு 80 பாகை 4.2 கலையிலும் இருக்கிறது. அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் அதுவே ஒரு கடல் மைல். அந்த அளவை பிறந்ததே அப்படித்தான். ஆகவே வடக்கு தெற்காக உள்ள வேறுபாடு 58.4 கலை, அதாவது 58.4 கடல் மைல். கிழக்கு மேற்காக உள்ள வேறுபாடு 81.6 கலை. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்குவதால், நம் அட்சரேகைக்கு உரிய கோசைன் மதிப்பான 0.984-ஆல் அதைப் பெருக்க வேண்டும், 80.3 கடல் மைல் கிடைக்கும். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு கர்ணத்தைக் கண்டுபிடித்தால் 99.3 கடல் மைல் வருகிறது. பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கும் நீண்ட சூத்திரமும் இவ்வளவு குறைந்த தூரத்துக்கு இதே விடையைத்தான் தரும்.

அதே முறையில் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில், நேர் வடக்கு தெற்காக இருப்பதால் கணக்கு இன்னும் எளிது: சுமார் 354 கிலோமீட்டர், அதாவது 191 கடல் மைல். இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. வரைபடத்தைப் பார்த்து நீங்கள் செய்த ஊகம் சரியானதே.

திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே நேர்கோடு ஒன்றை வரைந்தால், அது திருச்சியிலிருந்து தென்கிழக்காகக் கந்தர்வகோட்டையை ஒட்டிச் சென்று, பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே கடந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் பாக் விரிகுடாவுக்குள் இறங்கும். தரையின் மேல் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். மீதி 100 கிலோமீட்டர் கடலின் மேல். விமானம் இந்தக் கோட்டிலேயே செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரு நகரங்களும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பதை மனக்கண்ணில் காண இது உதவும் என்பதற்காகவே எழுதினேன்.

ஓடுபாதை 27

ஆசிரியர் ஐயா தூரத்தைத் தெளிவாக விளக்கிவிட்டார். நான் பல ஆண்டுகள் விமானங்களுக்கான பயணத் திட்டம் தயாரிக்கும் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் நேரத்தைப் பற்றி எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும். ஆனால் உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு ஒவ்வொரு பத்து நிமிடமும் பொருட்டு என்பதால் எதையும் விட விரும்பவில்லை.

முதலில் அந்த 22 நிமிடக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இந்த வழித்தடத்தில் 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ தொடங்கிய சேவை, ஏடிஆர் 72 என்ற இரட்டை உந்துவிசிறி விமானத்தைக் கொண்டது. அவ்விமானம் சமநிலையில் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 184-ஐ 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம் வரும். தொலைவு காட்டும் தளங்கள் பல இந்த ஒரு வகுத்தலைச் செய்துவிட்டு, அதையே பறக்கும் நேரம் என்று வெளியிட்டுவிடுகின்றன. விமானம் ஒரு நிலையத்தின் மேல் முழு வேகத்தில் தோன்றி, இன்னொரு நிலையத்தின் மேல் முழு வேகத்திலேயே மறைந்துபோகுமானால்தான் அந்த எண் பொருந்தும்.

உண்மையில் 99 கடல் மைல் என்பது ஏறுவதற்கும் இறங்குவதற்குமே பெரும்பாலும் செலவாகிவிடும் தூரம். எடுத்துக்காட்டாக, 13,000 அடி உயரத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தை எட்ட ஏடிஆர் விமானத்துக்கு ஏறத்தாழ பதினொரு நிமிடங்கள் தேவை. அதற்குள் அது 35 கடல் மைல் போயிருக்கும். இறங்குவதற்கு விமானிகள் கைக்கணக்காக ஒரு விதியைக் கொண்டிருக்கிறார்கள்: ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். 13,000 அடியிலிருந்து இறங்க அவ்வாறு 39 அல்லது 40 கடல் மைல் வேண்டும். ஏறியதும் இறங்குவதும் போக நடுவில் எஞ்சுவது 25 கடல் மைல் அளவே. அந்த ஆறு நிமிடத்தில்தான் விமானம் தன் முழு வேகத்தில் செல்கிறது. ஏறும்போது வேகம் மிகக் குறைவு, இறங்கும்போதும் கடைசிக் கட்டத்தில் குறைவு. இவற்றைக் கூட்டினால் 27 அல்லது 28 நிமிடம் ஆகும். அதனுடன் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி வருவதற்கான சுற்றையும் சேர்த்தால், சக்கரம் தரையை விட்டு எழுந்ததிலிருந்து மறுபடியும் தரையைத் தொடும் வரை 35 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். சில நாட்களில் அது 40 நிமிடமாகவும் ஆகும்.

பிறகு ஏன் அட்டவணையில் ஒரு மணி நேரம் என்கிறீர்கள். அட்டவணை நேரம் பறக்கும் நேரம் அன்று. அதைத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். நிறுத்தியிருக்கும் விமானம் நகராதிருக்கச் சக்கரத்துக்கு அணையாக வைக்கும் கட்டையை எடுக்கும் நொடியில் தொடங்கி, சேருமிடத்தில் மறுபடியும் அந்தக் கட்டையை வைக்கும் நொடியில் அது முடிகிறது. புறப்படும் இடத்தில் இயந்திரங்களை இயக்கி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி பெற்று, ஓடுபாதையின் முனை வரை தரையில் ஊர்ந்து செல்ல எட்டு முதல் பத்து நிமிடம் ஆகலாம். இறங்கிய பிறகு நிறுத்துமிடத்தை அடைய நான்கைந்து நிமிடம். இவற்றுக்கு மேல், ஏதேனும் சிறு தாமதம் நேர்ந்தாலும் சொன்ன நேரத்துக்குச் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காக ஒரு பத்து நிமிடத்தை எல்லா நிறுவனங்களும் கூடுதலாக வைப்பதுண்டு. ஆக ஒரு மணி நேரம் என்பது நியாயமான கணக்கே. பல நாட்களில் விமானம் அதற்கு முன்னரே சேர்ந்துவிடக் கூடும்.

இப்போது சென்னைக்கு வருவோம். ஊர்ந்து செல்வது, ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு நேராவது, கூடுதலாக வைக்கும் சில நிமிடங்கள் ஆகிய அனைத்தும் திருச்சிக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ ஒன்றே. மாறுவது நடுவில் முழு வேகத்தில் செல்லும் தூரம் மட்டும். சென்னை 170 கிலோமீட்டர் கூடுதல் தொலைவு என்று ஆசிரியர் ஐயாவின் கணக்கு காட்டுகிறது. அந்த 170 கிலோமீட்டரையும் விமானம் முழு வேகத்தில் கடப்பதால் சுமார் 20 நிமிடமே அதிகமாகும். அறுபதுடன் இருபதைக் கூட்டுங்கள்: 80 நிமிடம். ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையில் சரியாக வந்து நிற்கிறது. தூரம் இரட்டிக்கும்போது நேரம் இரட்டிக்காததன் காரணம் இவ்வளவுதான்.

இன்னோர் ஒப்பீடு உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு வான்வழியே சுமார் 417 கிலோமீட்டர். அதற்கு ஜெட் விமானம் எடுத்துக்கொள்ளும் அட்டவணை நேரமும் ஏறத்தாழ ஒரு மணிதான். அப்படியானால் பலாலிக்கும் ஜெட் விமானம் வந்தால் பாதி நேரத்தில் போய்விடலாமே என்று தோன்றும். அப்படி நடக்காது. மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடிய ஜெட், 184 கிலோமீட்டருக்குள் அந்த வேகத்தை எட்டும் முன்பே இறங்கத் தொடங்கிவிட வேண்டியிருக்கும். மிச்சமாவது சில நிமிடங்களே, ஆனால் எரிபொருள் செலவோ மிக அதிகம். இத்தகைய குறுந்தூரத்துக்கு உந்துவிசிறி விமானமே உரியது என்பது என் உறுதியான கருத்து. சிறிய விமானம் என்று யாராவது தயங்கினால் அந்தத் தயக்கத்துக்குக் காரணமில்லை என்று சொல்லுங்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த உயரங்களில் மேற்கிலிருந்து காற்று வீசும். மணிக்கு 30 கடல் மைல் வேகத்தில் வீசுவதாகக் கொண்டால், திருச்சியிலிருந்து பலாலிக்கு வரும்போது அது பின்னிருந்து தள்ளும். நீங்கள் திருச்சிக்குப் போகும்போது எதிர்த்து நிற்கும். முழுத் தூரத்துக்கும் கணக்கிட்டாலும் போவதற்கும் வருவதற்கும் உள்ள வேறுபாடு நான்கு நிமிடம் மட்டுமே. அதைவிட ஓடுபாதை எந்தப் பக்கம் பயன்படுத்தப்படுகிறது என்பதே நேரத்தை அதிகம் மாற்றும். விமானம் பொதுவாகக் காற்றை எதிர்கொண்டே ஏறவும் இறங்கவும் செய்யும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காக அமைந்தது. ஆடி மாதத்தில் மேல்காற்று வீசும்போது திருச்சியிலிருந்து மேற்கு நோக்கி ஏறி, பிறகு முழுவதுமாகத் திரும்பித் தென்கிழக்கே வர வேண்டும். பலாலியிலும் கடலின் மேல் வளைந்து சென்று வடகிழக்குப் பக்கத்திலிருந்து இறங்க வேண்டும். பின்காற்றால் கிடைத்த ஓரிரு நிமிடத்தை இந்த இரண்டு வளைவுகளும் எடுத்துக்கொண்டுவிடும்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை: அம்மா இருக்கையில் அமர்ந்து பட்டி போட்டதிலிருந்து கதவு திறக்கும் வரை, மற்ற பயணிகள் ஏறும் நேரத்தையும் சேர்த்து ஒன்றேகால் மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பட்டியைக் கழற்றி எழுந்து நிற்க வாய்ப்புக் கிடைப்பது, கிடைத்தால், நடுவில் ஐந்து நிமிடம் மட்டுமே. ஆகவே பயணத்தின்போது எழுந்து நடக்கலாம் என்பதை நம்பாமல், ஏறுவதற்கு முன் நிலையத்துக்குள் நடக்க வைப்பதும், நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டுப் பெற்றுக் காலை நீட்ட வழிசெய்வதும் நல்லது. ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு பின்புறம் இருக்கிறது. பின்வரிசையில் இடம் வாங்கினால் உள்ளே அவர் நடக்க வேண்டிய தூரம் குறையும். ஏறுவதற்குச் சில படிகள் உண்டு. சக்கர நாற்காலியும் சாய்தளமும் வேண்டும் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே தெரிவித்துவிடுங்கள்.

கோண்டாவில் மகன்

அக்கா, நான் சென்ற மார்கழியில் அப்பாவுடன் இதே விமானத்தில் சென்று வந்தேன். ஐயா சொன்ன கணக்கு எங்கள் அனுபவத்துடன் ஒத்துப்போகிறது. பலாலியில் சக்கரம் எழுந்ததிலிருந்து திருச்சியில் தொட்டது வரை என் கைக்கடிகாரத்தில் 37 நிமிடங்கள். ஆனால் அம்மாவின் நிலையை மனத்தில் வைத்துப் பார்த்தால், வானில் கழியும் நேரத்தைவிடத் தரையில் கழியும் நேரத்துக்கே நீங்கள் அதிகம் ஆயத்தம் செய்ய வேண்டும் என்று சொல்வேன்.

அது வெளிநாட்டுப் பயணம் என்பதால், தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கடவுச்சீட்டுச் சோதனை, சுங்கம், பாதுகாப்புச் சோதனை ஆகிய அனைத்தும் உண்டு. நாங்கள் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே சென்றுவிட்டோம். அன்று மழை பெய்ததால் திருச்சியிலிருந்து வரவேண்டிய விமானம் நாற்பது நிமிடம் பிந்தியது. அந்தக் காத்திருப்பில் அப்பாவைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி நடக்க வைத்தேன். திருச்சியில் குடிவரவு வரிசை எங்களுக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. அங்கே 2024-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய முனையம் விசாலமானது என்பதால் நிற்பதற்கும் இருப்பதற்கும் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் உள்ளே நடக்கும் தூரமும் அதற்கேற்ப அதிகம். சக்கர நாற்காலியைத் திருச்சிக்கும் சேர்த்தே கேட்டுவையுங்கள். விமான நிலையத்திலிருந்து நகரம் ஐந்து கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது.

கோண்டாவில் வீட்டு வாசலில் இருந்து திருச்சி விடுதி அறை வரை எங்களுக்கு மொத்தம் ஆறேகால் மணி நேரம் ஆனது. அதில் வானில் இருந்தது 37 நிமிடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொழும்பு வழியாகப் போனால் கட்டுநாயக்காவுக்கே வீதி வழியாக 350 கிலோமீற்றருக்கு மேல். தெற்கே அவ்வளவு தூரம் போய், பிறகு அதைவிட அதிகமாக வடக்கே பறந்து, நம் வீட்டிலிருந்து 184 கிலோமீற்றரில் இருக்கும் ஊரை அடைகிறோம். எத்தனையோ ஆண்டுகள் நம் முதியவர்களும் நோயாளிகளும் அப்படித்தான் போனார்கள். 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து மதராசுக்கு அனுப்பியபோது அது பலாலியை ஒட்டிய காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்றது என்பதை அப்பா அடிக்கடி சொல்வார். பலாலியிலிருந்து மீண்டும் பயணிகள் வெளிநாடு செல்ல 2019 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பர் 12 அன்றுதான் சென்னைக்கு மறுபடியும் தொடங்கியது. திருச்சிச் சேவை அதற்குப் பின் வந்தது.

கப்பலில் போகலாமா என்று அம்மா கேட்டால், நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடல் வழி ஏறத்தாழ 110 கிலோமீற்றர்தான். ஆனால் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும், அதன் பிறகு நாகபட்டினத்திலிருந்து திருச்சிக்கு வீதிப் பயணமும் இருக்கிறது. கப்பலில் எழுந்து நடக்கலாம் என்பது முழங்கால் நோவுள்ளவர்களுக்கு ஒரு வசதி. இருந்தாலும் மார்கழிக் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றே எண்ணுகிறேன்.

இன்னொன்று: இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்றே என்பதால் பயணச்சீட்டில் உள்ள புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் நேராகவே கழித்துக்கொள்ளலாம். இலங்கையின் கடிகாரம் 2006 ஏப்ரல் வரை அரை மணி நேரம் முன்னால் இருந்தது. பழைய நினைவில் யாராவது அரை மணியைக் கழிக்கச் சொன்னால் அதைக் கேட்க வேண்டாம்.

சுன்னாகம் வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயாவின் கணக்கை என் மகளுடன் உட்கார்ந்து தாளில் செய்து பார்த்தேன், எங்களுக்கும் 99.3 வந்தது. தம்பி சொன்ன ஆறேகால் மணி நேரத்தை நான் இவ்வாறு பிரித்துக்கொண்டேன்: தொடர்ந்து இருக்க வேண்டியது விமானத்துக்குள் ஒன்றேகால் மணி மட்டும், மற்ற நேரம் முழுவதும் நிற்கவும், நடக்கவும், சக்கர நாற்காலியில் காலை நீட்டவும் முடியும். இரவுப் பேருந்துடன் ஒப்பிட்டால் இது அம்மாவால் இயலும். மழைக்காலத் தாமதத்தைத் தவிர்க்க மாசி மாதத்துக்குத் திகதி பார்க்கலாம் என்றிருக்கிறேன். சேவை நாட்களும் நேரங்களும் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் அப்போதைய அட்டவணையையும் பார்த்துக்கொள்வேன்.

ஓடுபாதை ஐயாவிடம் இன்னொரு கேள்வி. அம்மா நெடுந்தீவில் பிறந்தவர். திருமணமாகி வந்த பிறகு அங்கே போனது மிகக் குறைவு, இப்போது படகில் ஏறவும் முடியாது. வானிலிருந்து தீவு தெரியுமா என்று கேட்கிறார். தெரியுமானால் எந்தப் பக்கம் இடம் வாங்க வேண்டும்? கண்ணில் புரை இருக்கும்போது அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது ஐயமே. அதனால் சிகிச்சை முடிந்து திரும்பி வரும்போதாவது பார்க்கட்டும் என்று நினைக்கிறேன்.

ஓடுபாதை 27

மாசி மாதம் நல்ல தேர்வு. மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும்.

பலாலியிலிருந்து திருச்சிக்கு வடமேற்காகப் போகும்போது தீவுகள் இடது பக்கம் இருக்கும். திரும்பி வரும்போது வலது பக்கம். நெடுந்தீவு நேர்கோட்டிலிருந்து தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருப்பதால், தெளிவான நாளில் கடலின் மேல் தட்டையான ஒரு திட்டாகத் தெரியக்கூடும். காரைநகரும் மற்றத் தீவுகளும் அதற்கு முன்னால் இன்னும் அருகில் தெரியும். ஏடிஆர் விமானத்தின் இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் கீழே பார்ப்பதை அது மறைக்காது. சக்கரங்கள் மடங்கும் இடமும் இயந்திரமும் நடு வரிசைகளுக்கு அருகில் வருவதால் அவ்வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். முன்னர் நான் சொன்ன பின்வரிசையே இதற்கும் பொருந்தும்.

போகும்போது காலை நீட்ட நடைபாதை இருக்கை இருக்கட்டும். வரும்போது வலது பக்கச் சன்னலோரத்தில் அம்மாவும், பக்கத்தில் நீங்களும் அமருங்கள். திருச்சியிலிருந்து புறப்பட்டுப் பதினைந்து நிமிடத்தில் கடற்கரை கடந்துவிடும். விமானம் இறங்கத் தொடங்குவதை உணர்ந்ததும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு தரை தொடுவதற்கு ஏறத்தாழ கால் மணி நேரம் இருக்கும். தீவுகள் அந்த நேரத்தில்தான் வலது பக்கத்தில் வரும்.